ஒரு சம்பளம், பல வரவு: அந்தமான் குடும்பங்களின் பக்கத் தொழில்கள்

போர்ட் பிளேரில் ஜூன் மாதம் காலை ஐந்து மணிக்கே வெளிச்சம் வந்துவிடுகிறது. ஊர் இருப்பது ஏறத்தாழ 93 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில். கடிகாரம் ஓடுவதோ 82.5 பாகைக்கு. அதனால் இந்திய நேரத்தைவிடச் சூரியன் அங்கே நாற்பது நிமிடம் முந்திக்கொள்கிறது. நவம்பரில் மாலை ஐந்து அடிப்பதற்குள் சூரியன் மறைந்துவிடும். 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றப்பட்ட இந்த ஊரில், அலுவலகம் திறப்பதற்கு முன் கிடைக்கும் மூன்று, நான்கு மணி நேர வெளிச்சம்தான் இரண்டாவது வேலை பார்ப்பவர்களுக்கு இருக்கும் அவகாசம். மாட்டைக் கறந்து பால் ஊற்றுவது, தோட்டத்தில் உதிர்ந்த தேங்காயைப் பொறுக்கிச் சேர்ப்பது, தங்கியிருக்கும் விருந்தினருக்கு இட்லி ஊற்றுவது, ஜெட்டியில் வந்து இறங்கும் சரக்கை எடுத்துக்கொண்டு போவது எல்லாம் அந்த நேரத்துக்குள் முடிந்தாக வேண்டும்.

பக்க வருமானம் என்ற பேச்சு நம் நாட்டில் அண்மையில் சூடுபிடித்தது 2022 இல். விப்ரோ நிறுவனம், போட்டி நிறுவனங்களுக்கும் வேலை செய்ததாகச் சொல்லி 300 பேரை நீக்கியபோது, ஒருவர் இரண்டு இடத்தில் சம்பளம் வாங்கலாமா என்று நாடே விவாதித்தது. அந்த விவாதம் முழுவதும் ஒரு தனி ஆளின் நேரத்தைச் சுற்றியே நடந்தது: எட்டு மணி நேரம் முதலாளிக்கு, மீதி யாருக்கு? அந்தமான் நிக்கோபார் தீவுகளை வைத்துப் பார்த்தால் இந்தக் கேள்வி வேறு உருவம் எடுக்கிறது. அங்கே பக்கத் தொழில் செய்வது ஒரு ஆள் இல்லை, ஒரு வீடு. சம்பளம் ஒருவர் பெயரில் வருகிறது. மற்ற வரவுகள் மனைவி, அம்மா, தம்பி, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் என்று எல்லோருடைய கையாலும் வருகின்றன. ஆனால் சட்டமும் கணக்கெடுப்பும் வங்கியும் தனி ஆளைத்தான் பார்க்கின்றன. இந்தப் பொருத்தமின்மைதான் தீவுகளின் பக்க வருமானத்தைப் பற்றி முதலில் புரிந்துகொள்ள வேண்டியது என்பது என் துணிபு.

இரண்டு வரவு என்ற ஏற்பாடு இந்தத் தீவுகளுக்குப் புதிதன்று. அரசாங்கமே விதைத்தது அது. 1858 மார்ச்சில் டாக்டர் வாக்கர் இருநூறு கைதிகளுடன் வந்திறங்கித் தண்டனைக் குடியேற்றத்தைத் தொடங்கினார். செல்லுலார் சிறை 1906 இல்தான் கட்டி முடிந்தது. அந்தச் சிறையைப் பற்றி நமக்குத் தெரிந்த அளவுக்கு, சிறைக்கு வெளியே இருந்த பெருங்கூட்டத்தைப் பற்றித் தெரியாது. நாடு கடத்தப்பட்ட கைதி முதலில் சில ஆண்டுகள் கூலியில்லாமல் கடும் உழைப்பு செய்வார். பிறகு சிறு மேற்பார்வைப் பணிகளுக்குத் தகுதி பெறுவார். அப்போது கைச்செலவுக்கென்று மிகச் சிறிய தொகை கிடைக்கும். வேண்டுமானால் அதைக் கைதிகளுக்கென்றே இருந்த சேமிப்பு வங்கியில் போட்டுவைக்கலாம். பத்து ஆண்டு முடிந்து நடத்தை சரியாக இருந்தால் அவருக்கு அனுமதிச் சீட்டு தருவார்கள். அதன்பின் அவர் ‘தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்பவர்’ என்ற வகையைச் சேர்வார். கிராமத்தில் குடியிருக்கலாம், நிலம் உழலாம், மாடு வளர்க்கலாம், திருமணம் செய்துகொள்ளலாம், ஊரிலிருந்து குடும்பத்தை வரவழைத்துக்கொள்ளலாம். தீவை விட்டுப் போகக் கூடாது, சும்மா இருக்கவும் கூடாது.

இந்த ஏற்பாட்டில் இரக்கத்தைவிடச் செலவுக் கணக்கே அதிகம். ஒவ்வொரு கைதிக்கும் அரசாங்கம் சோறு போட்டால் கட்டுப்படியாகாது. அவரே பயிர் செய்து சாப்பிட்டு, மிச்சத்தைக் குடியேற்றத்துக்கு விற்றால் இரு பக்கமும் லாபம். அதிகாரிகள் கவனித்த இன்னொன்றும் உண்டு: துணையில்லாத ஆள் நிலத்தில் நிற்கமாட்டார். திருமணத்துக்கும் குடும்பத்தை அழைப்பதற்கும் அனுமதி தந்ததன் பொருள், வீடு இருந்தால்தான் விவசாயம் நிலைக்கும் என்பதை ஒரு தண்டனை நிர்வாகமே ஏற்றுக்கொண்டது என்பதுதான்.

விடுதலைக்குப் பிறகும் இதே வார்ப்பு தொடர்ந்தது. 1949 முதல் கிழக்கு வங்கத்து அகதிகள் குடியேற்றப்பட்டபோது, ஒரு குடும்பத்துக்குச் சமவெளியில் ஐந்து ஏக்கர், மேட்டில் ஐந்து ஏக்கர் என்று பிரித்துக் கொடுத்தார்கள். தாழ்ந்த நிலத்தில் நெல். மேட்டில் வீடும் தென்னையும் பாக்கும். நெல் வயிற்றுக்கு, பாக்கு காசுக்கு. 1969 இலிருந்து பெரிய நிக்கோபார் தீவின் கேம்பல் பே பகுதியில் முன்னாள் படைவீரர் குடும்பங்கள் 330 குடியமர்த்தப்பட்டன. பஞ்சாப், மகாராஷ்டிரம், கேரளம், தமிழ்நாடு என்று பல மாநிலத்தவர்கள். அவர்களிடம் ஓய்வூதியம் இருந்தது, மேலே நிலமும் தரப்பட்டது. அரசாங்கத்தின் பணமும் மண்ணின் வரவும் சேர்ந்தால்தான் இவ்வளவு தொலைவில் ஒரு குடும்பம் தாக்குப்பிடிக்கும் என்பது திட்டம் போட்டவர்களுக்குத் தெரிந்திருந்தது.

தமிழர்கள் பல வழிகளில் வந்தவர்கள். கூலி வேலைக்கும் கடைக்கும் மீன்பிடிக்கும் வந்தவர்கள், பர்மாவிலிருந்து திரும்பியவர்கள், 1964 ஆம் ஆண்டு சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின் விளைவாக இலங்கை மலையகத்திலிருந்து வந்து கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் அமர்ந்தவர்கள். 2011 கணக்கெடுப்பில் தீவுகளின் மக்கள்தொகை 3,80,581. அதில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ 15 சதவீதம். ரப்பர் பால் வெட்டுவது விடியற்காலை வேலை. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும் என்பதால் நண்பகலுக்குள் பால் சேர்த்துக் கொடுத்துவிட்டு வந்துவிடுவார்கள். மாலை முழுவதும் கையில் இருக்கும். எந்த ரப்பர் நாட்டிலும் தோட்டத் தொழிலாளி வீட்டருகே காய்கறியும் கோழியும் வைத்திருப்பதற்குக் காரணம் இந்த நேரக்கணக்கு.

நிலத்தில் எவ்வளவு கால் ஊன்றினாலும் தீவில் எல்லோரும் ஏங்குவது அரசு வேலைக்கு. காரணம் எளிது. 8,249 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் காடு. பெரிய தொழிற்சாலை என்று இருந்தவை மரத்தை நம்பி இருந்தன. 1883 இல் தொடங்கிய சாத்தம் மர ஆலை அவற்றுள் மூத்தது. சேகர் சிங் ஆணையத்தின் அறிக்கையைத் தொடர்ந்து 2002 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் மரம் வெட்டுவதைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. காட்டைக் காப்பாற்ற அது அவசியமான தீர்ப்பு. ஆனால் ப்ளைவுட் ஆலைகளையும் மரம் வெட்டும் கூப்புகளையும் நம்பியிருந்த கூலிக்காரர்களுக்கு முதல் வேலை போய்விட்டது. அவர்களைத் தாங்கியது அதுவரை ‘சில்லறை’யாக இருந்த தோட்டமும் மீனும் கடையும்தான். இரண்டாவது வேலை எதற்கு என்று கேட்பவர்களுக்கு 2002 ஒரு பதில்.

அண்மைய நிலையைத் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பாளர்களின் தொழிலாளர் ஆய்வு காட்டுகிறது. 2022–23 இல் தீவுகளின் வேலையின்மை 9.7 சதவீதம். பட்டதாரிகளிடையே அது 33 சதவீதம். நாட்டிலேயே மிக அதிகம். வேலைச் சந்தையில் இருந்த பட்டதாரிகளில் மூவரில் ஒருவர் வேலை தேடி நின்றார். கிடைத்தவர்களில் பலருக்கும் கிடைத்தது நிரந்தர வேலை அல்ல. தீவு நிர்வாகத்தின் பல துறைகளைத் தூக்கி நிறுத்துபவர்கள் ‘டி.ஆர்.எம்.’ என்று ஊரில் அழைக்கப்படும் தினக்கூலி மஜ்தூர்கள். சாலை போடுவது, குழாய் பழுது பார்ப்பது, அலுவலகத்தில் கோப்பு தூக்குவது எல்லாம் இவர்கள். ஏறத்தாழ 4,000 பேருக்கு உயர்ந்த ஊதியமும் அகவிலைப்படியும் தர வேண்டும் என்று 2022 டிசம்பரில் கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் போர்ட் பிளேர் அமர்வு உத்தரவிட்டது. உத்தரவு நிறைவேறவில்லை. 2023 ஆகஸ்ட் 3 அன்று அதே அமர்வு தலைமைச் செயலரைப் பணியிடை நீக்கம் செய்து, துணைநிலை ஆளுநருக்கு 5 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கும் அளவுக்குப் போனது. மறுநாளே உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்திவைத்தது. சட்டப் போராட்டத்தின் நுணுக்கங்களுக்குள் போக வேண்டாம். ஒன்றை மட்டும் பார்த்தால் போதும்: வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ‘கவர்ன்மெண்ட் வேலை’ என்று தெரிவது, உள்ளே இருப்பவருக்கு நாட்கூலி. அந்த வீட்டில் இரண்டாவது வரவு இல்லாமல் மாதம் ஓடாது.

ஒன்றிய ஆட்சிப்பகுதி என்பதால் இங்குள்ள நிரந்தர ஊழியர்களுக்கு மத்தியக் குடிமைப் பணி நடத்தை விதிகள், 1964 பொருந்தும். அதன் 15 ஆம் விதி, முன் அனுமதி இல்லாமல் நேராகவோ மறைமுகமாகவோ வியாபாரத்திலோ வேறு வேலையிலோ ஈடுபடக் கூடாது என்கிறது. ஊதியமில்லாத சமூகப் பணி, அவ்வப்போது செய்யும் இலக்கிய, கலை, அறிவியல் பணி, பொழுதுபோக்கான விளையாட்டு ஆகியவற்றுக்கு, கடமை கெடாதவரை, அனுமதி தேவையில்லை. குடும்பத்தில் யாராவது வியாபாரம் செய்தால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். மனைவி நடத்தும் காப்பீட்டு முகவாண்மைக்காகக் கணவர் ஆள் பிடித்தால் அதுவும் விதிமீறல். ஆசிரியர்களுக்கு இன்னொரு வேலி: 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 28 ஆம் பிரிவு அவர்கள் தனிப்பயிற்சி நடத்துவதைத் தடை செய்கிறது. தொழிற்சாலைத் தொழிலாளிக்கோ, ஒரே நாளில் இரண்டு ஆலைகளில் வேலை செய்ய முடியாதபடி 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 60 ஆம் பிரிவு நெடுங்காலம் தடுத்துவந்தது.

இந்த விதிகளைக் கொடுமை என்று நான் சொல்லமாட்டேன். சிறிய தீவில் அனுமதி கொடுப்பவரும் அனுமதி கேட்பவரும் ஒரே தெருவில் இருப்பார்கள். கப்பல் டிக்கெட், படகு உரிமம், காட்டுக்குள் போகும் அனுமதி என்று ஒவ்வொன்றும் அரசுக் கையில் இருக்கும் இடத்தில், அந்தக் கை பக்கத்தில் ஒரு கடையும் வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்க்க வேண்டும். 2012 ஜனவரியில் பிரிட்டனின் ‘தி அப்சர்வர்’ இதழ் வெளிக்கொண்டுவந்த காணொளியில் ஜாரவாப் பழங்குடிப் பெண்கள் சுற்றுலாப் பயணிகள் முன் ஆட வைக்கப்பட்டார்கள். பாதுகாக்க நிறுத்தப்பட்ட காவலர் ஒருவர் அதற்குப் பணம் வாங்கியதாக அந்த இதழ் குற்றம் சாட்டியது. பதவியைக் கொண்டு ஈட்டும் பக்க வருமானம் எந்தப் பள்ளத்துக்குக் கொண்டுபோகும் என்பதற்கு இதைவிடக் கசப்பான சாட்சி வேண்டியதில்லை. கடலிலும் தடைக்குக் காரணம் உண்டு. சிப்பி, சங்கு பொறுக்கி மாலையும் விளக்கும் செய்து விற்பது தீவில் பழைய கைத்தொழில். கடல் அட்டை பிடிப்பதும் காசு கொடுத்தது. 2001 இல் கடல் அட்டையும் பல வகைச் சிப்பிகளும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலுக்குள் வந்தன. நேற்றுவரை உபதொழிலாக இருந்தது மறுநாள் குற்றமாயிற்று. இனங்கள் அழியும் வேகத்தைப் பார்த்தால் அது நியாயமே.

என் வருத்தம் வேறு இடத்தில். பதவியை விற்கும் வருமானத்தையும் வீட்டுக் கொல்லையில் விளையும் வருமானத்தையும் அந்த 15 ஆம் விதி ஒரே தராசில் வைக்கிறது. சொந்த நிலத்துத் தென்னையை யாரும் வியாபாரம் என்று சொல்வதில்லை. வீட்டின் ஒரு பகுதியை மாத வாடகைக்கு விட்டாலும் பெரிதாகக் கேள்வி வராது. அதே அறையை நாள் வாடகைக்கு விட்டு, காலையில் இட்லியும் சட்னியும் வைத்தால் அது தொழில். அப்போது உரிமம் மனைவி பெயருக்குப் போகிறது. விதியை ஏமாற்றுவதாக இதைப் பார்ப்பது எளிது. ஆனால் உண்மையில் அந்தத் தொழிலைச் செய்கிறவர் மனைவிதான். பெயர் மாற்றம் பொய் என்று பார்ப்பவர்கள் நினைக்கும் இடத்தில் பெயர் சரியாகவே இருக்கிறது.

அந்த அறையைச் சற்று அருகே போய்ப் பார்ப்போம். இது ஒரு குறிப்பிட்ட வீடு இல்லை. தீவின் பல வீடுகளில் காணக்கூடிய அமைப்பு. கணவர் ஏதோ ஒரு துறையில் கடைநிலை ஊழியர். நகரத்தின் புறப்பகுதியில் மேட்டில் வீடு. பின்புறம் பத்துப் பதினைந்து தென்னை, பாக்கு மரங்கள். மாடியில் இரண்டு அறை போட்டு, குளியலறையும் கட்டி, சுற்றுலாப் பயணிகளுக்கு விடுகிறார்கள். மத்தியச் சுற்றுலா அமைச்சகத்தின் வீட்டுத்தங்கல் திட்டப்படி, உரிமையாளர் குடும்பம் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். அறைகள் ஒன்று முதல் ஆறு வரை, படுக்கைகள் பன்னிரண்டுக்கு மேல் போகக் கூடாது. அறை போட வாங்கிய கடனுக்கு மாதத் தவணை. தண்ணீர் தட்டுப்பாடான கோடை மாதங்களில் லாரித் தண்ணீர். விருந்தினர் வருவது அக்டோபரிலிருந்து மே வரை. தென்மேற்குப் பருவமழை இறங்கினால் கடல் கொந்தளிக்கும், படகுகள் ரத்தாகும், அறை காலியாகக் கிடக்கும்.

யார் வருகிறார்கள்? தீவுச் சுற்றுலாவின் வளர்ச்சியில் அரசு ஊழியர்களின் விடுமுறைப் பயணச் சலுகைக்கு (எல்.டி.சி.) பெரிய பங்கு உண்டு. 2004 சுனாமிக்குப் பிந்தைய ஆண்டுகளில், சொந்த ஊருக்குப் போகும் எல்.டி.சி.யை மாற்றி அந்தமானுக்கு விமானத்தில் போகலாம் என்று மத்திய அரசு தளர்த்தியது. அந்தத் தளர்வைத் தவணை தவணையாக நீட்டித்தும் வருகிறது. 2019 வாக்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் வந்தார்கள். தீவின் மொத்த மக்கள்தொகையைவிட இது அதிகம். சென்னையிலும் டெல்லியிலும் உள்ள ஊழியர் வீட்டுக்கு அரசு கொடுத்த சலுகைப் பணம், தீவில் உள்ள ஊழியர் வீட்டு மாடி அறைக்கு வந்து சேர்ந்தது. 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்து விமானம் நின்றபோது அந்த ஓட்டமும் ஒரே நாளில் நின்றது. சம்பளம் வந்த வீடுகள் தவணை கட்டின. சுற்றுலாவையே முழு வேலையாக்கிக்கொண்ட ஓட்டுநர்களும் படகோட்டிகளும் வழிகாட்டிகளும்தான் நொறுங்கினார்கள். பல வரவுள்ள வீடு பிழைத்தது. ஒரே வரவில் நின்ற வீடு விழுந்தது. கிராமப்புற வாழ்வாதாரங்களை ஆராய்ந்த ஃபிராங்க் எல்லிஸ் 2000 இல் எழுதிய நூலில், ஏழைகள் பல தொழில் செய்வதை வளர்ச்சியின்மையின் அறிகுறியாகப் பார்க்கக் கூடாது, ஆபத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் உத்தியாகப் பார்க்க வேண்டும் என்று வாதிட்டார். தீவில் அந்த வாதத்துக்குச் சான்று வீடு வீடாக இருக்கிறது.

ஆனால் உத்தி என்று பாராட்டிவிட்டு நகர முடியாது. அந்த உத்தியின் மணிநேரங்களை யார் தருகிறார்கள் என்று கேட்டாக வேண்டும். பாக்கை எடுத்துக்கொள்வோம். பழுத்த குலையை இறக்கி, காயைப் பரப்பி, ஐந்து ஆறு வாரம் வெயிலில் காயவைத்து, இடையிடையே புரட்டிவிட்டு, பிறகு மட்டையை உரித்தால்தான் நல்ல கொட்டைப்பாக்கு. ஒரு மழை நனைத்தாலும் பூஞ்சணம் பிடித்து விலை போய்விடும். ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெய்யும் ஊரில் நம்பகமான வெயில் இருப்பது ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரைக்கும்தான். சுற்றுலாச் சீசன் உச்சத்தில் இருப்பதும் அந்த மாதங்களில்தான். பிள்ளைகளுக்கு ஆண்டுத் தேர்வும் அப்போதே. மாடியில் விருந்தினர், முற்றத்தில் பாக்கு, உள்ளே படிக்கும் பிள்ளை. மூன்றையும் பார்த்துக்கொள்பவர் ஒரே பெண். 2019 ஆம் ஆண்டு தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிட்டது சராசரியாக 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். விருந்தினருக்குச் சமைப்பது அந்த 299 நிமிடத்தோடு கலந்துவிடுகிறது. எந்த உலைச் சோறு வீட்டுக்கு, எந்த உலைச் சோறு வியாபாரத்துக்கு என்று பிரிக்க முடியாத உழைப்பு அது.

ரஷ்யப் பொருளியலாளர் சாயனோவ் நூறாண்டுக்கு முன்பே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். உழவர் குடும்பம் நிறுவனத்தைப் போலக் கூலி, லாபம் என்று பிரித்துக் கணக்குப் போடுவதில்லை. நிலமும் கைத்தொழிலும் சேர்ந்த ஒரே கணக்கை வைத்துக்கொண்டு, வயிறுகளின் தேவைக்கும் உடம்பின் களைப்புக்கும் நடுவே ஒரு சமநிலையைத் தேடுகிறது என்பது அவர் கண்டது. அவர் விட்டுவிட்ட ஒன்றைப் பின்வந்த பெண்ணிய ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள்: அந்தக் களைப்பு வீட்டுக்குள் எல்லோருக்கும் சமமாகப் பங்கிடப்படுவதில்லை.

குடும்பமே பொருளாதார அலகாக இருப்பதன் மிகத் தெளிவான வடிவம் நிக்கோபாரில் இருந்தது. நிக்கோபாரிகளின் கூட்டுக் குடும்ப அமைப்புக்குத் ‘துஹெத்’ என்று பெயர். தென்னந்தோப்பும் நிலமும் துஹெத்துக்குச் சொந்தம். உழைப்பும் விருந்தும் அதற்குள்ளேதான். ஒரு தேங்காய்க்கு அங்கே பல வழிகள் உண்டு. தின்னலாம், பன்றிக்குப் போடலாம், கோழிக்குப் போடலாம், பிளந்து மேடையில் பரப்பிக் கீழே மட்டையை எரித்துப் புகையில் உலர்த்திக் கொப்பரையாக்கலாம். வணிகரிடம் கொப்பரையைக் கொடுத்து அரிசி, சர்க்கரை, மண்ணெண்ணெய் வாங்கிக்கொள்வார்கள். திருவிழா நெருங்கினால் பன்றிக்குப் போகும் தேங்காய் கூடும். அரிசி தேவைப்பட்டால் கொப்பரைக்குப் போவது கூடும். முதன்மைத் தொழில், பக்கத் தொழில் என்ற பிரிவே அங்கே பொருளற்றது. அரசு வேலை கிடைத்த இளைஞரின் சம்பளமும் இந்த ஓட்டத்துக்குள்தான் வந்து விழுந்தது.

2004 டிசம்பர் 26 சுனாமி இந்த அமைப்பை அடியோடு புரட்டிப் போட்டது. தீவுகளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். மிகப் பெரும் இழப்பு நிக்கோபாரில். பெரிய நிக்கோபாரின் தென்கோடியான இந்திரா முனை நான்கு மீட்டருக்கு மேல் அமிழ்ந்தது. கரையோரத் தென்னந்தோப்புகள் கடலுக்குள் போயின. நட்ட தென்னை காய்க்க ஆறேழு ஆண்டு ஆகும். இடைக்காலத்துக்கு நிவாரணப் பணம் வந்தது. பல ஆண்டுகள் நிக்கோபாரில் கள ஆய்வு செய்த சிம்ரன் ஜித் சிங், அந்தப் பணமும் வீடுகளும் துஹெத்துக்கு வராமல் சிறு குடும்பங்களுக்குத் தனித்தனியே பிரித்துக் கொடுக்கப்பட்டதால் கூட்டு உழைப்பு குலைந்ததைப் பதிவு செய்திருக்கிறார். நல்லெண்ணத்தோடு செய்த உதவிதான். ஆனால் படிவத்தில் கட்டம் ‘குடும்பத் தலைவர்’ என்று ஒரு பெயருக்கு மட்டும் இருந்தால், பல கைகளின் பொருளாதாரம் அந்தக் கட்டத்துக்குள் அடங்காது.

இதே கட்டம்தான் நம் புள்ளிவிவரங்களிலும் இருக்கிறது. தொழிலாளர் ஆய்வு ஒருவரின் ‘முதன்மைச் செயல்பாட்டை’ ஆண்டின் பெரும்பகுதி நேரம் எதில் போனது என்பதை வைத்துத் தீர்மானிக்கிறது. ஆண்டில் 30 நாளாவது செய்த வேறு வேலையைத் ‘துணைச் செயல்பாடு’ என்று குறிக்கிறது. தினமும் காலையில் இரண்டு மணி நேரம் என்று ஆண்டு முழுக்கச் சிந்திய உழைப்பு இந்த முப்பது நாள் அளவுகோலில் எப்படி விழும் என்பது கணக்கெடுப்பவர் எப்படிக் கேட்கிறார் என்பதைப் பொறுத்தது. ‘வீட்டில் சும்மாதான் இருக்கிறேன்’ என்று அந்தப் பெண் சொல்லிவிட்டால் கதை முடிந்தது. வீட்டை அலகாக வைத்துக் கேட்டால் கிடைக்கும் படமே வேறு. 2018–19 ஆம் ஆண்டுக்கான உழவர் குடும்பங்களின் நிலை மதிப்பீட்டு ஆய்வில், இந்திய உழவர் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய். அதில் பயிரிலிருந்து வந்தது 3,798. கூலியிலும் சம்பளத்திலும் வந்தது 4,063. உழவர் என்று பெயர்; வருமானத்தில் பெரிய பங்கு வெளியே செய்யும் வேலையிலிருந்து. ஜப்பான் தன் வேளாண் கணக்கெடுப்பில், முழுநேர உழவுக் குடும்பம், உழவு பெரிதாகவும் வெளிவேலை சிறிதாகவும் உள்ள குடும்பம், வெளிவேலை பெரிதாக உள்ள குடும்பம் என்று நெடுங்காலம் பிரித்தே எண்ணிவந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்நாட்டு நெல் உழவர்களில் பெரும்பாலோர் வாரநாளில் அலுவலகத்துக்கோ ஆலைக்கோ போனவர்கள். அவர்களை எண்ணியதால் அவர்களுக்கென்று கொள்கை வகுக்க முடிந்தது.

அந்தமானில் இப்போது பக்கத் தொழிலுக்குப் புதிய வழி ஒன்றும் திறந்திருக்கிறது. சென்னையிலிருந்து கடலடியில் 2,300 கிலோமீட்டர் நீளத்துக்கு இழுக்கப்பட்ட கண்ணாடியிழை வடம் 2020 ஆகஸ்ட் 10 அன்று செயல்பாட்டுக்கு வந்தது. அதற்கு முன் செயற்கைக்கோளை நம்பியிருந்த இணையத்தில் ஒரு கோப்பை ஏற்றுவதே பெரும்பாடு. இன்று கணக்கு எழுதுவது, வடிவமைப்பு, மொழிபெயர்ப்பு போன்ற வேலைகளை ஸ்வராஜ் தீவிலோ ரங்கத்திலோ இருந்தபடி செய்ய வழி உண்டு. 2022–23 இல் பட்டதாரி வேலையின்மை 33 சதவீதமாக இருந்த இடத்தில் இது சிறிய செய்தி அல்ல. ஆனாலும் அரசுத் தேர்வுக்கு வயது வரம்பு தாண்டும்வரை காத்திருக்கும் இளைஞர், நடுவில் செய்யும் இந்த வேலைகளை வேலை என்றே எண்ணுவதில்லை. அவருக்கு முதன்மை வேலை என்று எதுவும் இன்னும் இல்லை. பக்க வேலைகள் மட்டுமே இருக்கின்றன. வீட்டில் அப்பாவின் சம்பளமோ ஓய்வூதியமோ இருப்பதால்தான் அந்தக் காத்திருப்பு சாத்தியமாகிறது.

மண்ணிலும் வழி இருக்கிறது. போர்ட் பிளேரில் 1978 இல் தொடங்கிய மத்தியத் தீவு வேளாண் ஆய்வு நிறுவனம், குட்டைக் கால்களும் நல்ல முட்டைத் திறனும் கொண்ட நிக்கோபாரிக் கோழியைக் கொல்லைப்புற வளர்ப்புக்கு ஏற்ற இனமாக வளர்த்தெடுத்துப் பரப்பிவருகிறது. சுனாமியில் உப்புநீர் ஏறிய தாழ்நிலங்களில் அகலப் பாத்தியும் வாய்க்காலுமாக மண்ணை மாற்றியமைத்து, மேலே காய்கறியும் கீழே மீனும் வளர்க்கும் முறையையும் அது காட்டியது. இரண்டுமே, வேலைக்குப் போகும் ஆள் உள்ள வீட்டுக்குக் கச்சிதமாகப் பொருந்துபவை. இவற்றை விரிவாக்க என்ன தடை? அறிவு இருக்கிறது, சந்தையும் இருக்கிறது. மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வரும் காய்கறியின் விலையைத் தீவில் எந்த இல்லத்தரசியிடமும் கேட்டுப் பார்க்கலாம். தடை பெரும்பாலும் காகிதத்தில் இருக்கிறது. நிலம் கணவர் பெயரிலோ மாமனார் பெயரிலோ. தொழில் மனைவி பெயரில். கடன் கேட்டுப் போனால் வங்கி ஈட்டுக்கு நிலத்தைக் கேட்கும். நிலம் உள்ளவர் அரசு ஊழியர். அவர் தொழில் செய்யக் கூடாது. தொழில் செய்பவரிடம் நிலம் இல்லை.

இதற்குத் தீர்வு தேட நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. சுனாமிக்குப் பிறகு 2005 இல் தமிழ்நாடு அரசு மீள்குடியேற்ற வீடுகளுக்கான கொள்கையை வகுத்தபோது, பட்டாவை மனைவி, கணவன் இருவர் பெயரிலும் சேர்த்து எழுத வேண்டும் என்று விதித்தது. அதே கடல் அலை அடித்த தீவுகளில், வீட்டுத்தங்கல் பதிவும் கொல்லைப்புறத் தொழில் பதிவும் அந்த வீட்டில் உழைக்கும் எல்லோருடைய பெயரையும் தாங்கலாம். அரசு ஊழியர் வீட்டில் நடக்கும் தொழில் அவருடைய பதவியோடு தொடர்பற்றது என்றால், அனுமதிக்காகக் காத்துக் கிடக்காமல் ஒரு பக்கத் தகவல் படிவத்தோடு முடியலாம். உரிமம், டிக்கெட், ஒப்பந்தம் என்று அவர் மேசைக்கு வரும் எதையும் தொடும் தொழில் என்றால் அனுமதியே தரக் கூடாது. தினக்கூலி மஜ்தூருக்கு முதலில் சேர வேண்டியது அவருடைய நியாயமான கூலி. பக்க வருமானம் இருக்கிறதே என்று அதைத் தள்ளிப்போட யாருக்கும் உரிமை இல்லை. அடுத்த கணக்கெடுப்பாளர் ஒரு வீட்டு வாசலில் நின்று ‘என்ன வேலை செய்கிறீர்கள்’ என்று கேட்கும்போது, அந்தக் கேள்வியை ஆளுக்கு ஒரு முறை என்று நிறுத்திவிடாமல், அந்த வீட்டுக்கு வரும் ஒவ்வொரு வரவுக்கும் யாருடைய கை, எத்தனை மணி நேரம் என்று கேட்டு எழுத வேண்டும்.